சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்

சென்ற வாரம் ஓய்வு பெற்றவர்களை எல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தீர்களே, அன்றைக்கு வெயில் தாங்க முடியவில்லை. நான் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டதைப் பார்த்த ஒரு பெண், உங்களில் ஒருத்திதான், நல்ல மனசுக்காரி, ஓடிப்போய் எலுமிச்சம்பழ ஜூஸ் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்த பிறகு, பழம் ஏது என்று கேட்டேன். "டெஸ்ட் ரூம் ஃபிரிட்ஜ்ல எப்பவும் இருக்கும் மேடம்" என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது. மூக்கு வழியாக ஜூஸ் வந்தது. பழம் கெட்டுப்போயிருக்குமோ என்று அவள் பயந்தே போய்விட்டாள்.

பழம் நன்றாகத்தான் இருந்தது, கண்ணு. ஆனால் நீ பிழிந்தது நம்முடைய சோதனைக் கருவியை.

அந்தப் பழங்கள் அங்கே எதற்கு இருக்கின்றன என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டேன். சாமி படத்துக்கு என்றார் ஒருவர். கண் திருஷ்டிக்கு என்றார் இன்னொருவர். யாருக்கும் தெரியவில்லை. ஆகவே, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன். நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அது எனக்குப் பிறவிக் கோளாறு.

தொண்ணூறுகளின் நடுவில் நம்முடைய கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று. நான் ஆவடிக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, டிவி கருகாமல் இருப்பதற்காக வாழ்ந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் முதலாளி எங்கேயோ பேசி எப்படியோ ஒரு ஆர்டர் பிடித்து வந்தார். ராக்கெட்டில் போகப்போகிற வழிகாட்டிப் பெட்டி ஒன்று. அது ராக்கெட்டை ஓட்டாது. ராக்கெட்டை ஓட்டப் பெரிய பெட்டி வேறே இருந்தது. எங்களுடையது சும்மா உடன் போகும், தான் எங்கே இருக்கிறோம் என்று தானே கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டே வரும். அது சொன்னதும் பெரிய பெட்டி சொன்னதும் ஒத்துப்போனால் எங்களுக்கு இன்னும் ஆர்டர் வரும்.

இதற்கென்று ஒரு பிரிவு போட்டார்கள். நானும் சேகரும். சேகர்தான் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதியவன். மகா கெட்டிக்காரன், அது அவனுக்கும் தெரியும். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "இந்தப் பெட்டியை அவங்க ஏத்துக்கிட்டா உங்க பிரிவு இருக்கும். திருப்பி அனுப்பிட்டா மறுநாளே பூட்டிடுவேன். ரெண்டு பேரும் பழையபடி ஸ்டெபிலைசருக்குப் போயிடணும். என்னால இதுக்கு மேல தாங்க முடியாது." எனக்கு அந்த ஸ்டெபிலைசர் வரிசைக்குத் திரும்பிப் போகவே மனசில்லை.

பெட்டியின் வேலை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இன்றைக்குத்தான் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறவருக்கும் பஸ் திரும்புவதும் வேகம் எடுப்பதும் தெரியும். அதை விடாமல் கூட்டிக்கொண்டே வந்தால் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். நேரம் ஆக ஆகக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். அப்போது செயற்கைக்கோளைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் சமிக்ஞையிலும் தப்பு வரலாம் இல்லையா? ஆகவே சேகர் ஒரு காவல் வைத்திருந்தான். செயற்கைக்கோள் சொல்வது பெட்டியின் கணக்குக்கு ரொம்ப தூரத்தில் இருந்தால், அதை நம்பாதே, தள்ளிவிடு. இந்தக் காவலைப் பற்றி அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

கிளம்புவதற்கு முன்னால் பெட்டி வடக்கு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பூமி சுழல்வதை உணர்ந்துதான் அது வடக்கைப் பிடிக்கும். பூமி எவ்வளவு மெதுவாகச் சுழல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சில நிமிடங்கள் பெட்டி அசையவே கூடாது. வேனுக்குள் பெட்டியை வைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நின்றுகொள்வோம். கதவைச் சாத்தக் கூடாது, பம்பர் மேல் உட்காரக் கூடாது. இதற்கு நாங்கள் வைத்த பெயர் மௌன விரதம்.

வேன் புதுசு. ஓட்டுநர் ஏழுமலை, பூந்தமல்லிக்காரர். முதலாளி வேன் வாங்கினதே இந்தச் சோதனைக்காகத்தான் என்பதால் ஏழுமலைக்கு எங்களைவிடப் பொறுப்பு அதிகம். சோதனை இதுதான். அம்பத்தூரில் விரதம் முடித்து, பூந்தமல்லி வரை செயற்கைக்கோள் இல்லாமல் போக வேண்டும். பிறகு செயற்கைக்கோளைத் திறந்துவிட்டு, டிரங்க் ரோட்டில் குத்தம்பாக்கம் கூட்டுரோடு வரை போக வேண்டும். செயற்கைக்கோளை மறைக்க என்ன செய்தோம் தெரியுமா? வேன் கூரை மேல் இருந்த ஆன்டெனாவின் மேல் ஒரு அலுமினிய அண்டாவைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டினோம். ஒத்திகை பார்த்த அன்று பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி சேகர் மேலே ஏறி அண்டாவைத் தூக்கியதும், கீழே ஒருவர் வந்து, "அரை பிளேட் பிரியாணி இன்னா ரேட்டு?" என்று கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

உண்மையான சோதனை ஒரு வெள்ளிக்கிழமை. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஆய்வு அதிகாரி ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு, முகத்தில் எதுவும் தெரியாது. அவர் தலையாட்டினால் பெட்டி ராக்கெட்டுக்குப் போகும். ஆட்டாவிட்டால் நான் ஸ்டெபிலைசருக்குப் போவேன். இந்த நினைப்போடுதான் அன்று முழுக்க அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரதம் தொடங்கியது. நானும் சேகரும் அதிகாரியும் வேனுக்குப் பின்பக்கம், வேப்பமரத்தடியில் நின்றோம். விரதம் முடிந்து, பெட்டி "வடக்கு கிடைத்துவிட்டது" என்று பச்சை விளக்கு காட்டியது. ஏறினோம், கிளம்பினோம். பூந்தமல்லியில் அண்டாவைத் தூக்கினான் சேகர். வேனுக்குள் என் மடியில் ஒரு கம்ப்யூட்டர், அதன் திரையில் வரைபடம், வரைபடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் நாங்கள். அந்தப் புள்ளி ஏற்கெனவே சாலையை விட்டு விலகித்தான் இருந்தது. செயற்கைக்கோள் வந்ததும் சாலைக்குத் திரும்பிவிடும் என்று பார்த்தோம். திரும்பவில்லை. டிரங்க் ரோட்டில் வேன் நேராகப் போகப் போக, புள்ளி தெற்கே தெற்கே ஒதுங்கியது.

"சேகர்" என்றேன் மெதுவாக. "நாம ஏரிக்குள்ள போய்க்கிட்டிருக்கோம்."

"இன்னாது, ஏரியா?" ஏழுமலை பின்னால் திரும்பிப் பார்த்தார். "யக்கா, என் வண்டி ரோட்டு மேலதான் கீது. நல்லா பாரு."

செம்பரம்பாக்கம் ஏரி. புள்ளி கரையைத் தாண்டித் தண்ணீருக்குள் சீராகப் போய்க்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் பாவம், நீ ரோட்டில் இருக்கிறாய் என்று விடாமல் கத்துகிறது. எங்கள் பெட்டி ஒவ்வொரு தடவையும் அதைத் தள்ளிவிடுகிறது. அதோடு திரையின் ஓரத்தில் "துல்லியம்: மிக நன்று" என்று காட்டுகிறது. சேகரின் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

ஆய்வு அதிகாரி திரையை எட்டிப் பார்த்தார். "ஆழம் எவ்வளவுன்னு சொல்லுதாம்மா?" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. என் பிழைப்பே தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டிருக்கும்போது சிரிக்கிறோமே என்று அழுகையும் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

குத்தம்பாக்கம் கூட்டுரோட்டில் நிறுத்தினோம். அதிகாரி டீக்கடைக்குப் போனார். சேகர் ஒவ்வொரு கேபிளாக இழுத்துப் பார்த்தான். நான் வண்டியைச் சுற்றி வந்தேன். முன் சக்கரத்தில், டயர் பள்ளங்களுக்குள், நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏழுமலை, இது எப்போ?"

"பூஜ தான்க்கா. புது வண்டி, மொத மொதல்ல பெரிய காரியத்துக்குப் போவுது. பழம் வெக்காம எடுப்பாங்களா?" என்றார்.

"பழத்தை ஏத்தினது எப்போ?"

"நீங்கல்லாம் மரத்தாண்ட கம்முனு நின்னுகினு இருந்தீங்கல்ல, அப்போ. ராவு காலம் வந்துகினே இருந்துச்சு. உங்க விரதம் முடியற மாதிரி தெரில. நல்ல நேரத்துல சக்கரம் ஒரு சுத்து அசைஞ்சாலே கெளம்புன கணக்குதான். நான் எஞ்சினைத் தொடவே இல்ல, சத்தியமா. ஹேண்ட் பிரேக்கை மட்டும் லேசா உட்டேன். வண்டி தானா எறங்கி, பழத்து மேல பூப்போல ஏறி நின்னுச்சு. திரும்ப பிரேக்கைப் போட்டுட்டேன்."

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அசையக் கூடாது என்று சொன்னோமே ஒழிய, ஏன் என்று அவரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. எஞ்சினை அணை, தள்ளி நில் என்றோம், அவ்வளவுதான். விரதத்தின் நடுவில் வண்டியின் மூக்கு ஒரு பழத்தோல் உயரம் தூக்கிக்கொண்டது. அந்தச் சின்னச் சாய்வையும் பெட்டி பூமியின் சுழற்சி என்று எடுத்துக்கொண்டு, வடக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டது. அங்கே கொஞ்சம் என்றால், இத்தனை தூரம் போன பிறகு ஏரி.

சேகருக்கு உயிர் வந்துவிட்டது. என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். "கிடைச்சுருச்சு! பெட்டியில கோளாறே இல்ல. பழம்தான். இந்த ஓட்டத்தைக் கணக்குல சேர்க்க வேண்டாம்னு சொல்லிடலாம். நாளைக்குப் பழம் இல்லாம ஓட்டினா ஜம்முனு பாஸ் ஆயிடும். அவர்கிட்ட வண்டி அசைஞ்சுருச்சுன்னு மட்டும் சொல்லு. பெட்டி தண்ணிக்குள்ளயும் மிக நன்றுன்னு காட்டினதைப் பத்திப் பேச்சே எடுக்காதே."

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் அதில் இருந்த ஆபத்து. மறுநாள் ஓட்டியிருந்தால் நிச்சயம் பாஸ் ஆகியிருக்கும். எங்கள் பிரிவு பிழைத்திருக்கும். ஆனால் எனக்கு அந்தப் பழத்தோலைப் பார்க்கப் பார்க்க வேறொன்று உறைத்தது. வடக்கு தப்பியதற்குக் காரணம் பழம். சரி. ஏரிக்குள் போய்க்கொண்டே, செயற்கைக்கோள் கத்தக் கத்த, நான்தான் சரி என்று பெட்டி அடம் பிடித்ததே, அதற்கும் பழமா காரணம்? கடற்கரையில் நிற்கிற ராக்கெட்டைக் காற்று ஆட்டாதா? அங்கே காற்றை மௌன விரதம் இருக்கச் சொல்ல ஏழுமலையாலும் முடியாதே.

இதைச் சேகரிடம் சொன்னேன். அவன் கோபத்தில், "அப்போ ஸ்டெபிலைசருக்கே போயிடலாமா? உனக்கு அதுதான் ஆசையா?" என்றான். அதற்குள் அதிகாரி இரண்டு கையிலுமாக மூன்று டீ கிளாஸோடு வந்துவிட்டார். எனக்கும் சேகருக்கும் சேர்த்து வாங்கி வந்திருந்தார். சேகர் என் கையைக் கிள்ளினான். பயத்திலும் வலியிலும் எனக்கு அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமாக வெடித்துவிட்டது.

"என்னம்மா சிரிப்பு?"

சொல்லிவிட்டேன். பழம், ராகு காலம், ஹேண்ட் பிரேக், எல்லாம். அதோடு நிறுத்தியிருந்தால் சேகர் என்னை மன்னித்திருப்பான். நான் நிறுத்தவில்லை. "சார், பழம் இல்லாம நாளைக்கு ஓட்டினா இது பாஸ் ஆயிடும். ஆனா காத்து அடிச்சா ராக்கெட்டுலயும் இதேதான் பண்ணும். ஆடினதும் இதுக்குத் தெரியாது, தப்புன்னும் ஒத்துக்காது" என்றேன். சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதிகாரி டீயை முழுசாகக் குடித்தார். பிறகு ஏழுமலை பக்கம் திரும்பி, "இன்னும் பழம் இருக்கா?" என்று கேட்டார்.

"கீது சார். பின் சக்கரத்துக்கு வெச்சிருந்தேன், டைம் பத்தல."

"கொண்டாங்க. இங்கயே பண்ணலாம்."

குத்தம்பாக்கம் கூட்டுரோட்டில், லாரிகள் போகிற ஓரத்தில், தலையில் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு வேன் அசையாமல் நிற்கிறது. நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கூட்டம் கூடாமல் இருக்குமா? சைக்கிளை நிறுத்தி ஒருவர் கேட்டார், "இன்னாபா, வண்டிக்கு இன்னா ஆச்சு?"

"தியானத்துல கீது. கம்முனு நில்லு" என்றார் ஏழுமலை. இந்தத் தடவை அவரிடம் ஏன் என்பதையும் சொல்லியிருந்தோம். ஒரு பூசாரியின் அக்கறையோடு ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினார். பழம் நசுங்கியது. பூந்தமல்லிக்குத் திரும்பி அண்டாவைத் தூக்கியதும், பஸ் ஸ்டாண்டில் நின்ற எங்களைப் பெட்டி எவருடைய வயலுக்கோ நடுவில் கொண்டுபோய் வைத்தது. துல்லியம்: மிக நன்று.

"ஆடினது தப்பில்ல" என்றார் அதிகாரி. "ஆடாத இடம் எங்க இருக்கு? ஆடிட்டோம்னு தெரியாம இருக்கு பாருங்க, அதுதான் தப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை வரேன். பழம் நான் கொண்டாருவேன்." தலையை ஆட்டவும் இல்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதலாளி மட்டும் சொன்னார், "அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்."

அந்த ஒரு வாரத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். சேகர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் வேலையை மட்டும் பேய்போலச் செய்தான். அவன் கட்டிய காவலை அவனே பிரித்தான். விரதத்தின்போது அசைவு இருந்ததா என்று பெட்டி தன்னையே சோதித்துக்கொள்ள வேண்டும். இருந்தால் மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை என்றால், வடக்கு எனக்குச் சந்தேகம்தான் என்று ஒப்புக்கொண்டு, செயற்கைக்கோள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மூன்றாம் நாள் அவனே வந்து பேசினான். "ஒரு புரோகிராமுக்கு அடக்கம் கத்துக் கொடுக்கறது இருக்கே, அதுக்கு முதல்ல எழுதறவனுக்கு வரணும் போல" என்றான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தக் காலத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்படியெல்லாம் செய்ய முடியாது என்பதால் ஒரு வடை வாங்கிக் கொடுத்தேன்.

ஏழுமலைதான் எங்கள் ஆட்டும் துறைக்குத் தலைவர். பழம் வைத்து ஆட்டினார், பம்பரில் ஏறிக் குதித்து ஆட்டினார், நடுவில் கதவை ஓங்கிச் சாத்தினார். "பெட்டி கண்டுக்குச்சா?" என்று ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து கேட்பார். கண்டுகொள்ளாவிட்டால் சேகரைப் பார்த்து, "நைனா, இது இன்னும் மெதப்புலயே கீது" என்பார். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சுவருக்கு மேல் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. மாங்காடு அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். "பாதத்துல வெச்சு வாங்கின பழம்" என்றார், அதே சலனமில்லாத முகத்தோடு. ஏழுமலை பழத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் வைத்தார். பழம் நசுங்கியதும் பச்சை விளக்கு வரவில்லை. பெட்டி மறுபடி தொடங்கியது. அதிகாரி இன்னொரு பழத்தைக் கொடுத்தார். மறுபடி தொடங்கியது. மூன்றாவது பழத்துக்குப் பிறகு, "நேரம் இல்ல, கிளம்புங்க" என்றார். விளக்கு மஞ்சளாகவே இருந்தது. வடக்கு சந்தேகம் என்று பெட்டி திரையில் எழுதியது. நான் சந்தோஷத்தில் ஏழுமலை தோளில் அடித்துவிட்டேன்.

பூந்தமல்லியில் புள்ளி எங்கேயோ இருந்தது. அண்டாவைத் தூக்கினான் சேகர். புள்ளி ஒரு கணம் யோசித்தது. பிறகு துள்ளி வந்து டிரங்க் ரோட்டின் மேல் உட்கார்ந்தது. அப்படியே குத்தம்பாக்கம் வரை ரோட்டை விட்டு இறங்கவில்லை. ஏரி வந்தது, போனது. நான் கத்தினேன், சேகர் கத்தினான், ஏழுமலை காரணமே இல்லாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார். அதிகாரி ஜன்னல் வழியாக ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ஒரே ஒரு தடவை, தலையை ஆட்டினார்.

ராக்கெட் போன அன்று நாங்கள் அம்பத்தூரில்தான் இருந்தோம். முதலாளியின் மேசையில் இருந்த போனைச் சுற்றி நின்றுகொண்டு, ஒருவரும் மூச்சு விடாமல், உண்மையான மௌன விரதம் இருந்தோம். போன் அடித்தது. நான் எடுத்தேன். அதிகாரிதான்.

"கடைசி நேரத்துல கடல் காத்து நல்லா ஆட்டிருச்சும்மா" என்றார். "உங்க பெட்டி சந்தேகம்னு ஒத்துக்கிச்சு. மேல போனதும் கேட்டுத் திருத்திக்கிச்சு. கடைசி வரைக்கும் பெரிய பெட்டியோட ஒண்ணாவே போச்சு." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார், "நீங்க அன்னிக்கு கூட்டுரோட்டுல சிரிக்கலைன்னா நான் மறுநாள் வந்து பாஸ் போட்டிருப்பேன்."

அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். நான் போனை வைத்துவிட்டு அழுதேன். சேகர் முதலாளியைக் கட்டிக்கொண்டான். ஏழுமலை மட்டும் எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "இதுக்கு ஏன் இம்மாம் சந்தோசம்? நல்ல நேரத்துல கெளம்புன பெட்டியாச்சே, போவாம?"

அதனால்தான் பழம் அங்கே இருக்கிறது, பிள்ளைகளே. இன்றைக்கு உங்களிடம் எதை வேண்டுமானாலும் அளவு சொல்லி ஆட்டிப் பார்க்கிற மேசைகள் வந்துவிட்டன. நல்லது. ஆனால் அந்த மேசை நீங்கள் சொன்னபடிதான் ஆட்டும். உங்களைக் கேட்காமல், நல்ல எண்ணத்தோடு, நடுவில் வந்து ஆட்டுகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். ஒரு சோதனை தப்பிப்போய், அதற்குக் கையோடு ஒரு காரணமும் கிடைத்துவிட்டால், அந்த நிமிடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் காரணம் உண்மையாகவே இருக்கும். அதற்குப் பின்னால் இன்னொன்று உட்கார்ந்திருக்கும்.

ஜூஸ் பிரமாதமாக இருந்தது, உப்புதான் ஒரு சிட்டிகை குறைவு. இன்று காலை அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் நல்ல பழமாகப் பொறுக்கி வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து பிழிய வேண்டாம். வண்டியை மேலே ஏற்றுங்கள். விளக்கு மஞ்சளாக எரிந்தால் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழம் நசுங்கிய பிறகும் பச்சையாக எரிந்தால் மட்டும் உடனே கூப்பிடுங்கள், சிரித்துக்கொண்டே வந்து சேருகிறேன்.